இழுக்க மாட்டேங்கு

போன வாரம் கடையநல்லூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். புதிதாகப் பட்டறை போட்டிருக்கிறார். "அண்ணாச்சி, திக்னஸ் மிஷின் இழுக்க மாட்டேங்கு. ஸ்பிரிங்க இன்னும் எத்தனை சுத்து முறுக்கலாம்?" என்றார். 2012இல் நானும் ஒருவரிடம் இதையேதான் கேட்டேன், ஏறக்குறைய இதே வார்த்தைகளில். தம்பியிடம் ஸ்பானரைக் கீழே வைக்கச் சொன்னேன். "பலகை எந்த இடத்துல நிக்குன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. வாயிலேயே நிக்கா, பிளேடுக்கு அடியில நிக்கா, இல்ல வால் மட்டும் உள்ள மாட்டிக்கிடுதா?" மறுமுனையில் சத்தமில்லை. அவர் பார்த்திருக்கவில்லை. யாரும் பார்ப்பதில்லை. மரம் நின்றவுடன் கை நேராக ஸ்பிரிங் போல்ட்டுக்குத்தான் போகும்.

எனக்குச் செங்கோட்டையில் கூலிக்கு இழைத்துக்கொடுக்கிற பட்டறை. மரவாடிகளுக்குப் பஞ்சமில்லாத ஊர். மில்லில் அறுத்த பலகை வாள்பல் தடத்தோடு, ஒரு முனை ஒரு இஞ்சு, மறுமுனை ஒரு இஞ்சு இரண்டு நூல் என்று வரும். நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. கையில் மில்லிமீட்டர் டேப் இருந்தாலும் எங்கள் வாயில் வருவது நூல்தான். அந்தப் பலகையை முழுக்க ஒரே கனமாக்கித் தருவது திக்னஸ் பிளானர். மேலே சுழலும் கட்டர் பிளாக், அதில் மூன்று பிளேடு. பிளாக்குக்கு முன்னால் பல் வெட்டிய இரும்பு ரோலர், பின்னால் வழுவழுப்பான ரோலர். ரோலரை மரத்தின் மேல் அமுக்கிப் பிடிக்க இரண்டு பக்கமும் ஸ்பிரிங், அதை முறுக்க போல்ட். கீழே வார்ப்பிரும்பு பெட். அந்தப் பெட்டிலும் பலகை உருண்டு போக இரண்டு அடி ரோலர்கள் உண்டு. முன் ரோலர் கவ்வி உள்ளே விடும், பின் ரோலர் வாங்கி வெளியே விடும். ஆள் தள்ள வேண்டியதில்லை. தள்ளினால்தான் போகிறது என்றால் மிஷினுக்கு எங்கோ நோவு.

என்னுடையது 18 இஞ்சு மிஷின். பஞ்சாபில் பட்டாலாவில் வார்த்த இரும்பு. 2009இல் இரண்டாம் கையாக வாங்கினேன். எல்லாவற்றுக்கும் 5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்றுதான். மோட்டாரிலிருந்து கட்டர் பிளாக்குக்கு பெல்ட், பிளாக்கின் மறுமுனையிலிருந்து கியர்பாக்ஸுக்கு இன்னொரு பெல்ட், அங்கிருந்து இரண்டு ரோலருக்கும் செயின்.

2012 மின்வெட்டை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு வெளியே அந்த வருடம் பட்டறை நடத்திய எவரையும் கேளுங்கள், இன்றும் பல்லைக் கடிப்பார்கள். கரண்ட் இருக்கிற கொஞ்ச நேரத்துக்குள் ஒரு நாள் வேலையை முடித்தாக வேண்டும். அரை நூல் எடுக்க வேண்டிய இடத்தில் ஒரு நூல் எடுத்தோம். பிளேடு மழுங்கியது தெரிந்தும் மாற்றவில்லை. மாற்றி, செட் செய்ய முக்கால் மணி நேரம் ஆகும், அவ்வளவு நேரத்துக்கு எங்கே போவது என்று நினைப்பு. கரண்ட் இல்லாத நேரத்தில் மாற்றியிருக்கலாமே என்று இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

ஆனி பிறந்து சாரல் தொடங்கியது. குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குச் சாரல் சுகம், இரும்பு வைத்துப் பிழைப்பவனுக்கு அது வேறு. காலையில் ஷட்டரைத் தூக்கினால் பெட் மேல் மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி ஈரம் படர்ந்திருக்கும். அந்த வாரத்தில்தான் பலகைகள் நிற்க ஆரம்பித்தன. முதலில் அகலமான தேக்குப் பலகைகள் மட்டும். பிறகு ஐந்துக்கு மூன்று நிலைச்சட்டம்கூட நின்றது. நான் பின்னால் நின்று இடுப்பைக் கொடுத்துத் தள்ளினேன். அப்புறம் ஸ்பிரிங் போல்ட்டை இரண்டு பக்கமும் அரைச் சுற்று முறுக்கினேன். பலகை போயிற்று. கண்டுபிடித்துவிட்டோம் என்று சந்தோஷம். மறுநாள் மறுபடி நின்றது. இன்னொரு அரைச் சுற்று. பத்து நாளில் மூன்று சுற்று முறுக்கியிருந்தேன்.

முறுக்க முறுக்க முன் ரோலரின் பல் மரத்தில் ஆழமாக இறங்கும். கனமாக எடுக்கும்போது அந்தத் தடத்தைப் பிளேடு சீவிவிடும். கடைசியாக மெல்லிசாக ஓட்டும்போது சீவாது, குறுக்கே வரிவரியாக நின்றுவிடும். ஒரு வீட்டுத் தலைவாசல் கதவுக்கான தேக்குச் சட்டங்கள் அப்படி வரியோடு போயின. வீட்டுக்காரர் திரும்பக் கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் என் விரலைப் பிடித்து மரத்தின் மேல் தேய்த்துக் காட்டினார். திட்டியிருந்தால் தேவலை. அந்த வாரமே செயினும் அறுந்தது.

அப்போதுதான் பிட்டர் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். பஞ்சாலை ஒன்றில் முப்பது வருடம் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மர வேலை அவருக்குத் தெரியாது, தெரியாது என்று அவரே சொல்லிக்கொள்வார். ரோலரைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இருந்ததாக நான் பார்க்கவில்லை. புதுச் செயினை மாட்டிக் கொடுத்தார். ஒரு பலகையை விட்டேன். நின்றது. "ஸ்பிரிங்க இன்னும் எத்தனை சுத்து முறுக்கலாம் அண்ணாச்சி?" என்று கேட்டது அந்த இடத்தில்தான். அவர் பதில் சொல்லவில்லை. "சாக்பீஸ் இருக்காலே?" என்றார்.

முன் ரோலர் அச்சின் முனை செயின் மூடிக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். மிஷினை நிறுத்தி அதன் வட்டமான முகத்தில் நடுவிலிருந்து விளிம்புக்குச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். மறுபடி ஓட்டச் சொன்னார். பலகை பாதியில் நின்றது, கோடு சுற்றிக்கொண்டே இருந்தது. "ரோலர் சுத்துது. மரம் போகல. அப்போ பெல்ட்டு, கியரு, செயினு, சாவி எதுலயும் கேடு கிடையாது. கோடும் நின்னுருந்தா நான் அந்தப் பக்கம் போயிருப்பேன்." இப்போதும் யாராவது நேரில் வரச்சொல்லிக் கூப்பிட்டால் நான் முதலில் கேட்பது சாக்பீஸ்தான். ரோலர் நிற்கிறதா, ரோலர் சுற்றியும் மரம் நிற்கிறதா என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ரோலரே நின்றால் பெல்ட் தொய்வு, கியரின் சாவி அறுந்தது, ஸ்புராக்கெட்டின் ஸ்க்ரூ தளர்ந்தது என்று தேடலாம். பெல்ட் வழுக்கினால் ரப்பர் கருகும் வாடையே காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு மெயினை அணைத்தார். அணைத்ததோடு விடவில்லை. மூன்று ஃபியூஸ் கேரியரையும் உருவித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பட்டறையில் நாங்கள் இருவர்தான் இருந்தோம். "நீயும் நானும்தான் இருக்கோம், யாரு போடப் போறான்னுதான் எல்லாரும் நினைப்பான்" என்றார்.

பெட்டைக் கடைசி வரை இறக்கி உள்ளே கையை விடச் சொன்னார். மூன்று வருடமாக அந்த மிஷினோடு இருந்தேன், ஒரு நாளும் அங்கே கை வைத்ததில்லை. பெட்டின் நடுவில், பிளேடுக்கு நேர் கீழே, உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்றிருந்தது. சாரல் ஈரத்தில் பூத்த துரு. அதன் ஓரத்தில் பிசின் காய்ந்து பாகு போல ஒட்டியிருந்தது. "அடி ரோலரச் சுத்து" என்றார். கட்டைவிரலால் தள்ளினேன், அசையவில்லை. இரண்டு கையாலும் முயன்றேன். கழற்றிப் பார்த்தால் இரண்டு முனையிலும் புஷ்ஷுக்குள் எண்ணெயும் மரத்தூளும் சேர்ந்து எள்ளுருண்டை மாதிரி இறுகியிருந்தது. ரோலர் சுற்றாமலே அதன் மேல் பலகைகள் உரசிப் போயிருக்கின்றன. ஒரே இடம் தேய்ந்து, விரலால் தடவினாலே தெரிகிற அளவுக்குத் தட்டையாகிவிட்டது.

"மேல மூணு சுத்து முறுக்குனியே, அந்தப் பாரம் எங்க போச்சு?" என்று கேட்டார். நான் முழித்தேன். "மரத்து வழியா நேரா இந்தப் பெட்டு மேலதான் வந்து உக்காந்துச்சு. மேல எவ்வளவு அமுக்குறியோ அவ்வளவு கீழ பிடிக்கும். நீ இழுக்கச் சொல்லி முறுக்கல, பிடிக்கச் சொல்லி முறுக்கியிருக்க." இதற்கு முன்னும் பின்னும் எனக்கு யாரும் இயந்திரவியல் சொல்லிக்கொடுத்ததில்லை.

மண்ணெண்ணெய் தொட்டு 400 நம்பர் வாட்டர் பேப்பரால் பெட்டைத் தேய்த்தோம். பளபளப்பு தேவையில்லை, சொரசொரப்பு போனால் போதும். துணியால் ஈரம் போகத் துடைத்த பிறகு அவர் சுற்றும்முற்றும் பார்த்து, மின்வெட்டுக்காக அலமாரியில் வைத்திருந்த மெழுகுவர்த்தித் துண்டை எடுத்தார். பெட் மேல் கோலம் இழுப்பது மாதிரி குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, வேஸ்ட் துணியால் அழுத்தித் துடைத்தார். மெழுகு கண்ணுக்குத் தெரியக் கூடாது, கைக்குத்தான் தெரிய வேண்டும். நான் எண்ணெய் டப்பாவை எடுத்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். எண்ணெய் பலகையில் ஊறும், கறையாகும், தூளைப் பிடித்துவைக்கும். கிரீஸ் இன்னும் மோசம். பிற்பாடு சிலிக்கான் ஸ்பிரே அடித்துப் பார்த்த ஒரு பட்டறைக்காரரை எனக்குத் தெரியும். மிஷின் வெண்ணெயாக இழுத்தது. அந்த மரத்தில் பாலீஷ்தான் நிற்கவில்லை, அடித்த இடமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக விலகிக்கொண்டது.

அடி ரோலர்களைத் தென்காசியில் ஒரு லேத்தில் கொடுத்து மேல்பரப்பைச் சுற்றுச் சமமாகக் கடைந்து, கன்மெட்டல் புஷ் புதிதாகப் போட்டோம். திரும்ப மாட்டும்போது உயரம் வைப்பதுதான் நுணுக்கம். பெட்டை விட அடி ரோலர் ஒரு மயிரிழை மேலே நிற்க வேண்டும். தாழ்ந்துவிட்டால் பலகை பெட்டில் உரசும். அதிகம் உயர்ந்தால் பலகையின் இரண்டு முனையிலும் பிளேடு கூடுதலாகக் கடித்துவிடும். முன் முனையில் விழுவதைத் தலைக்கடி என்றும், பின் முனையில் விழுவதை வால்கடி என்றும் எங்கள் பட்டறையில் சொல்வோம். அண்ணாச்சி இரண்டு ரோலருக்கும் மேலே ஓர் இரும்பு ஸ்கேலை நெட்டுக்குத்தாக வைத்தார். செய்தித்தாளைக் கிழித்து ஸ்கேலுக்கும் பெட்டுக்கும் நடுவே விட்டார். இரண்டு தாள் போக வேண்டும், மூன்றாவது தாள் இறுக வேண்டும். நாலு மூலையிலும் அப்படியே. பார்த்தால் கால் மணி நேர வேலை, ஒரு மூலையைச் சரிசெய்தால் எதிர் மூலை மாறும் என்பதால் மத்தியானம் வரை ஆயிற்று. இழைத்த மரத்துக்கு இந்த இரண்டு தாள் கணக்கு. மில்லில் இருந்து நேராக வருகிற சொரசொரப்பு மரத்துக்கு இன்னும் தூக்கலாம், அரை மில்லி வரை. நான் இரண்டுக்கும் நடுவாக வைத்துவிட்டு முனைகளை மூன்று இஞ்சு கூடுதலாக விட்டு வாங்கிக்கொள்கிறேன். மாற்றி மாற்றி வைக்கிற பொறுமை எனக்கில்லை.

கடைசியில் அவர் ஸ்பிரிங்கைத் தளர்த்தினார். நான் முறுக்கிய மூன்று சுற்றையும், அதற்கு மேல் இன்னொரு அரைச் சுற்றையும். ஃபியூஸைப் பையிலிருந்து எடுத்துப் போட்டார். 14 இஞ்சு அகல தேக்குப் பலகை ஒரு முனையில் போய் மறுமுனையில் வந்தது. நான் தொடவில்லை.

இப்போது தம்பியிடம் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பலகை வாயிலேயே நின்றால் முன் ரோலரைப் பார்க்க வேண்டும். பல்லுக்கு நடுவே பிசினும் தூளும் அடைத்து ரோலர் மொழுக்கையாகியிருக்கும், பித்தளைப் பிரஷும் மண்ணெண்ணெயும் போதும். அல்லது எடுப்பு அதிகம். பலகையின் கனமான இடம் எது என்று அளக்காமல் மெல்லிய முனையை முதலில் விட்டால், பாதி வரை ஜோராகப் போய் நடுவில் நிற்கும். இதில் மிஷின் மேல் தப்பே கிடையாது. பலகை ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டு போனால் இரண்டு ஸ்பிரிங்கும் சமமாக இல்லை.

பிளேடுக்கு அடியில், பின் ரோலருக்கு எட்டுவதற்கு முன் நின்றால் விஷயம் வேறு. அங்கே அமுக்குப்பட்டை என்று ஒன்று இருக்கிறது. பிளேடைத் தாண்டியதும் இழைத்த பரப்பின் மேல் உட்கார்ந்து, பலகை துள்ளாமல் பிடிக்கிற நீள இரும்பு. அது ஒரு மயிரிழை தாழ்ந்தாலும் பலகையின் தலை அதில் போய் முட்டும். உயர்ந்தால் பலகை அதிர்ந்து, முனைகளில் அலை அலையாக விழும். "நேத்துதான் புது பிளேடு போட்டேன் அண்ணாச்சி, அதிலருந்து இழுக்கல" என்று சொல்கிறவர்கள் உண்டு. பிளேடு கெட்டதாக அவர்களுக்குச் சந்தேகம். பிளேடைப் பழைய அளவை விட உள்ளே தள்ளிப் பூட்டியிருப்பார்கள். வெட்டு வட்டம் சுருங்கிவிட்டது, பலகையின் மேல்பரப்பு அந்த அளவுக்கு உயர்ந்துவிட்டது, பட்டை இருந்த இடத்திலேயே இருக்கிறது. முட்டாமல் என்ன செய்யும்? பிளேடை எடுத்து வைத்தால் பட்டையையும் பார்த்தே ஆக வேண்டும். நான் செய்கிற வழி எளிது. பலகை நிற்கிற வரை பட்டையை இறக்குவேன், பிறகு தடையில்லாமல் போகிற வரை இரண்டு பக்கமும் கால் கால் சுற்றாக ஏற்றுவேன். ஒவ்வொரு தடவையும் மிஷினை அணைத்துத்தான்.

மழுங்கிய பிளேடைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை இழுப்புக் கோளாறு என்று யாரும் நினைப்பதில்லை. கட்டர் பிளாக் சுற்றுவது மரம் வருகிற திசைக்கு எதிராக. கூரான பிளேடு சீவும், மழுங்கியது அடிக்கும். அந்த அடி முழுவதும் மரத்தைப் பின்னால்தான் தள்ளும். என் மிஷினில் பிளாக் நிமிடத்துக்கு 4,500 சுற்று, மூன்று பிளேடு, ஆக 13,500 வெட்டு. மரம் நிமிடத்துக்கு 6 மீட்டர் போகிறது. ஒரு வெட்டுக்கு அரை மில்லிக்கும் குறைவு. மரம் ஒரு நொடி நின்றால் அதே இடத்தில் 225 வெட்டு விழும், குறுக்கே கறுப்பாகக் கருகிய கோடு. தேக்கில் மணற்சத்து இருப்பதால் பிளேடு சீக்கிரம் மழுங்கும். ஆணி வேறு கதை. காரைக்குடிப் பக்கம் இடித்த பழைய வீட்டு மரங்கள் வரும்போது காந்தத்தை வைத்துத் தடவிப் பார்த்தும் ஒன்றிரண்டு தப்பிவிடும். மூன்று பிளேடும் ஒரே இடத்தில் பல் போய், பலகை முழுக்க நூல் மாதிரி ஒரு மேடு ஓடும். உடனே சாணைக்கு அனுப்ப வழியில்லையென்றால் ஒரு பிளேடை மட்டும் இரண்டு மில்லி பக்கவாட்டில் தள்ளிப் பூட்டினால் போதும், ஒன்று விட்டதை மற்றது எடுத்துவிடும்.

பின்னுதையைப் பற்றி, அதாவது மிஷின் மரத்தைத் திருப்பி எறிவதைப் பற்றி, அதிகம் எழுத விருப்பமில்லை. வாய்க்கு மேலே வரிசையாக இரும்பு விரல்கள் தொங்கும், மரம் பின்னால் பாயாமல் குத்திப் பிடிப்பதற்கு. அவை தங்கள் எடையிலேயே தொப்பென்று விழ வேண்டும். பைன் மரம் ஓட்டிய ஒரு வாரத்தில் அவை பிசினில் ஒட்டி மேலேயே நின்றதை நான் கவனிக்கவில்லை. ஒரு முழத்துக்கும் குறைந்த துண்டு திரும்பி வந்து தொடையில் அடித்தது. மூன்று வாரம் நொண்டினேன். இரண்டு ரோலருக்கும் நடுவே உள்ள தூரத்தை விடக் குட்டையான துண்டை எவன் கொண்டுவந்தாலும் இப்போது வாங்குவதில்லை. மிஷினுக்கு நேர் எதிரே நிற்பதும் இல்லை.

மோட்டாரைச் சுருள் கட்டி வாங்கி மாட்டிய அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பலகையை வாயில் வைத்தால் மிஷின் துப்பியது. எத்தனை தடவை வைத்தாலும் துப்பியது. பட்டறைப் பையன் பயந்துபோய் எலுமிச்சம்பழம் வாங்கப் புறப்பட்டான். மூன்று பேஸில் இரண்டு ஒயர் மாறியிருந்தது, மொத்த மிஷினும் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மாற்றிப் போட்டதும் சரியாயிற்று. பழம் வீணாகவில்லை, வெயில் அன்றைக்கு.

கடையநல்லூர்த் தம்பி சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டார். நன்றாகவே பார்த்திருந்தார். பலகை முன் ரோலரை விட்டு வெளியே வந்ததும் நிற்கிறதாம், வால் மட்டும் உள்ளே. அவருடைய மிஷினில் பின் ரோலர் ரப்பர். "கை வச்சுப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கா?" என்றேன். இருக்கிறது என்றார். ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்கச் சொன்னேன், தின்னர் கூடவே கூடாது, ரப்பர் ஊறிவிடும். மேல்தோலை உப்புத்தாளால் லேசாக உரசி, பெட்டுக்கு மெழுகு போட்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது.

"சரி அண்ணாச்சி, எல்லாம் செஞ்சிருதேன்" என்றார். கொஞ்சம் தயங்கி, "அதுக்கப்புறம் ஸ்பிரிங்க எத்தனை சுத்து முறுக்கட்டும்?"